முப்பது மீட்டரில் சிவப்பு

அம்கோமாஸ் ஆறு கடலைத் தொடும் இடத்தில்
எங்களை உள்ளே விடலாமா என்று
அலை யோசித்துக்கொண்டிருக்கிறது.
ரப்பர்ப் படகின் பட்டைக்குள் பாதத்தைச் செருகி
கயிற்றை இறுகப் பிடித்திருக்கிறோம், ஏழு பேர்.
"இன்னொன்று போகட்டும்" என்கிறான் படகோட்டி டர்க்.
போகட்டும்.

இன்று ஆழப் பயிற்சியின் கடைசி முழுக்கு.
இதற்கு முன்பு மிதப்புச் சமநிலை படித்தேன்.
அசையாமல் நிற்கவே மூன்று வார இறுதிகள்.
மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே,
விட்டால் ஒரு சாண் கீழே;
நெஞ்சுக்குள் ஒரு தராசு இருப்பது
நாற்பத்தேழு வயதில்தான் தெரிந்தது.
பிறகு திசைகாட்டி. சதுரமாய் நீந்தச் சொன்னார்கள்:
முப்பது உதை, திரும்பு, முப்பது உதை, திரும்பு,
புறப்பட்ட கல்லுக்கே வந்து சேர்.
என் சதுரத்துக்கு ஐந்து மூலை.

நான் தணிக்கையாளர்.
டர்பன் துறைமுகம் தெரியும் ஏழாவது மாடியில்
பிறர் கணக்கில் தவறு தேடிப் பிழைக்கிறேன்.
என் முகம் தெரியாத கம்பெனிகளுக்கும்
என் சிவப்பு மை தெரியும்.

பயிற்றுநர் நொகுதுலா செலே
படகிலேயே ஒரு பலகையை நீட்டினாள்.
ஒன்று முதல் இருபத்தைந்து வரை, கலைத்துப்போட்ட எண்கள்.
வரிசையாய்த் தொட வேண்டும்.
பத்தொன்பது நொடி.
"கீழே பார்க்கலாம்" என்றாள், ஜிப்பை ஏற்றிக்கொண்டே.

முதுகுப்பக்கமாய் விழுந்தோம்.
பத்து மீட்டரில் என் துடுப்பின் ஆரஞ்சு பழுப்பானது.
இருபதில் எல்லாமே நீலத்தின் உறவினர்.
மணலில் சாய்ந்து கிடந்தது
வெல்லப்பாகு ஏற்றி வந்த பழைய கப்பல்.
இனிப்பு எந்த மீனுக்குப் போனதோ.
கதவில்லாத அறையொன்றில்
ஆள் நீளக் களவா
வாடகை தராமல் குடியிருந்தது.

முப்பது.
பலகை வந்தது.
ஒன்று. இரண்டு. மூன்று நான்கு ஐந்து ஆறு.
ஏழு
அழகாய் இருந்தது.
இத்தனை வருடம் கூட்டியிருக்கிறேன், கழித்திருக்கிறேன்,
ஏழின் கழுத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.
எட்டைத் தேட அவசரமில்லை என்று தோன்றியது.
யாரோ எனக்குள் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.
முடித்தேன். பத்தே நொடி, சாதனை என்று
கட்டைவிரலை உயர்த்தப் போய்
அது 'மேலே போவோம்' என்னும் சைகை என்று
பாதியில் நினைவு வந்து மடக்கினேன்.

நொகுதுலா கடிகாரத்தைக் காட்டினாள்: நாற்பத்து நான்கு.
பதினாறை நான் தொடவே இல்லை.

மெழுகுப் பென்சிலைக் கையில் தந்தாள்.
நீயே குறி.
பதினாறைச் சுற்றி வட்டம் போட்டேன்.
வட்டம் பாசிக் கறுப்பில் விழுந்தது.
மறுபடி போட்டேன், அழுத்தி.
கறுப்பு.
கரையில் அந்தப் பென்சிலை நான்தான் எடுத்துத் தந்தேன்,
சிவப்பு, கடைச் சீட்டோடு.

பிறகு அவள் பையிலிருந்து ஒரு கோழிமுட்டையை உடைத்தாள்.
ஓடு விலகியும் கரு சிதறவில்லை.
எங்கள் மூவருக்கும் நடுவில்
உருண்டையாய், நடுங்கிக்கொண்டு நின்றது.
சாம்பல் மஞ்சள். பெயர் சொல்லத் தெரியாத நிறம்.
வழியே போன ஒரு மீன் அதைக் கணக்கில் கொண்டது.

ஏறினோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்
கயிற்றைப் பிடித்துச் சும்மா தொங்க வேண்டும்.
சும்மா இருப்பதற்கும் பாடத்திட்டம் உண்டு.
பலகையில் என் வட்டம்
துருப்பிடிப்பதுபோல் மெல்லத் திரும்பி வந்தது.
பதினாறும் இப்போது நன்றாகத் தெரிந்தது,
பதினைந்துக்கு நேர் கீழே,
ஒரு குழந்தைகூடத் தவறவிடாத இடத்தில்.

இரண்டு வாரம் கழித்துச் சான்று அட்டை.
பெயர்: லொகாம்பரி பெருமால்.
நான் லோகாம்பாள்.
மேசைமேல் கை தானாகப் பேனாவைத் துழாவியது.
எடுத்தேன், மூடியைக் கழற்றினேன்,
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

அடுத்தது மூழ்கிய கப்பலுக்குள் நுழையும் பயிற்சி.
நூற்சுருளை அவிழ்த்துக்கொண்டே இருட்டுக்குள் போய்
அதே நூலைச் சுற்றிக்கொண்டே வெளியே வரவேண்டுமாம்.
கட்டணம் எவ்வளவு என்று நொகுதுலாவுக்கு எழுதினேன்.
தள்ளுபடி உண்டா என்றும்.
கீழே 'லொகாம்பரி' என்று கையெழுத்திட்டேன்.